ஊர்ப்புற ஆஸ்பத்திரி தாக்குப்பிடிக்குமா? கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் சின்ன ஆஸ்பத்திரிகளின் வரவு செலவை ஆராயக் கிளம்பியபோது ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினாறு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம், தப்பான ஆபீஸில் தப்பான தாளுக்காகக் காத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு மாதம், ஒரு டாக்டர் பெரிய மனதோடு கொடுத்த ஆடிட்டர் கணக்கை அப்படியே நம்பிப் போட்ட அட்டவணைகளை அழித்துத் திரும்பப் போட்டது. எம்.காம்., எம்.பி.ஏ., சமூகப்பணி என்று எந்தப் படிப்பில் இருந்தாலும், இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறீர்கள் என்றால் கீழே உள்ளதைப் படித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

1. எந்த வகை ஆஸ்பத்திரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கே மூன்று வகை உண்டு. அரசு ஆஸ்பத்திரி, டிரஸ்ட் அல்லது மிஷன் ஆஸ்பத்திரி, டாக்டர் சொந்தமாக நடத்துவது. மூன்றுக்கும் தாள் வேறு, கேள்வியும் வேறு. ஒரே ஆய்வில் மூன்றையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தனிக் கணக்கு என்று ஒன்று கிடையாது. சம்பளம் கருவூலத்தில் இருந்து வரும். மருந்து, 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கில் இருந்து, அந்த ஆஸ்பத்திரிக்கென்று உள்ள மருந்து பாஸ்புக்கில் பதிவாகி வரும். கட்டடம் பொதுப்பணித்துறை. நோயாளர் நலச் சங்கத்தில் கொஞ்சம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கொஞ்சம் பணம் வரும். இத்தனையையும் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ‘லாபமா நஷ்டமா’ என்று கேட்க முடியாது. ஒரு நோயாளியை ஒரு நாள் வைத்திருக்க அரசுக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் கேட்க முடியும்.

டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் தணிக்கை செய்த கணக்கு கட்டாயம் இருக்கும். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று விதி இருப்பதால், கேட்காமலேயே பாதி கிடைத்துவிடும்.

டாக்டரின் சொந்த ஆஸ்பத்திரிதான் கடினம். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு, கணவன் மனைவி இருவரும் டாக்டர், இருபது கட்டில். அம்பாசமுத்திரத்தில் இருந்து வள்ளியூர் வரை இந்த மாதிரியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியது.

2. அனுமதிக் கடிதம் யாருக்கு என்று தெரிந்து எழுதுங்கள்

நான் ஐந்து மாதம் தொலைத்தது இங்கேதான். அரசு தரப்பில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழ் வரும். அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர். அம்பாசமுத்திரம் மாதிரியான ஊர்களின் அரசு மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். அதற்கு நலப்பணிகள் இணை இயக்குநர், ஊர் வழக்கில் ‘ஜே.டி. ஆபீஸ்’. ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மருத்துவக் கல்வி இயக்ககம். அதற்கு டீன். மூன்றும் சுகாதாரத் துறைதானே என்று ஒரே கடிதத்தைப் பொதுவாக அனுப்பினால் அது மேசை மேசையாகப் போகும், பதில் மட்டும் வராது.

இன்னொன்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் எல்லாம் இப்போது அங்கே. பழைய திருநெல்வேலி மாவட்டப் புள்ளிவிவரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கட்டில் எண்ணிக்கை குறைந்துவிட்டது’ என்று எழுதியவர்கள் உண்டு. நானும் முதல் வரைவில் எழுதினேன்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு டாக்டரின் கையெழுத்துப் போதும். ஆனால் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். எனக்கு பதினொரு வாரம் ஆனது. நோயாளியின் பெயர், ஆதார், போன் நம்பர் எதையும் எடுக்க மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதினால் கேள்விகள் குறையும்.

3. ‘கணக்கு கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் வருமான வரி ஆள் என்றுதான் நினைப்பார்கள். நான் போன முதல் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வாசல் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் கேஷியர் அண்ணாச்சிதான் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, ஆடிட்டர் தாளு சர்க்காருக்கு. இந்தச் சிட்டைதான் எங்களுக்கு. உனக்கு எது வேணும்?”

சிட்டைதான் வேண்டும், அதாவது ஆஸ்பத்திரிக்குள் அன்றாடம் எழுதும் கணக்குத் தாள்கள். கேட்க வேண்டிய தாள்களை வரிசையாகச் சொல்கிறேன். ஐ.பி. (உள்நோயாளி) அட்மிஷன் ரிஜிஸ்டர், டிஸ்சார்ஜ் பில் புத்தகம், ஓ.பி. (வெளிநோயாளி) டோக்கன் நோட்டு, சம்பளப் பட்டியல், மின்கட்டண பில்கள், மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களின் மாத பில், மருந்துக்கடையின் கொள்முதல் பில், வங்கிக் கடன் தவணை அட்டவணை, காப்பீட்டு கிளெய்ம் பட்டியல். கடைசியாக, கூச்சப்படாமல், நோயாளிகள் வைத்த பாக்கியை எழுதும் கடன் நோட்டு.

ஆடிட்டர் தாளையும் வாங்குங்கள், ஆனால் மூன்று பொறிகளைத் தெரிந்துகொண்டு. ஒன்று, சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிலர் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டியிருப்பார்கள். அது சட்டப்படியான வழிதான். ஆனால் அந்த வருடத்துக்குச் செலவுக் கணக்கென்று ஒன்றே இருக்காது. அதைப் பார்த்து ‘50 சதவீத லாபம்’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு, தேய்மானம். வரிக்காக இயந்திரத்துக்கு 15 சதவீதம், சில உயிர்காக்கும் கருவிகளுக்கு 40 சதவீதம் என்று கழிப்பார்கள். கருவி நிஜமாக எத்தனை வருடம் ஓடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்றைக்குப் புதிதாக வாங்கினால் என்ன விலை, எத்தனை வருடம் ஓடும் என்று டெக்னீஷியனைக் கேட்டு வகுத்துப் போடுங்கள். மூன்று, மருந்துக்கடை. அது பெரும்பாலும் டாக்டரின் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ தனி ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கும். லேபும் அப்படித்தான். ஆஸ்பத்திரி கணக்கில் அவை வரவே வராது.

4. தாளில் இல்லாத செலவை எழுதுங்கள்

மொத்த வேலையில் முக்கியமான படி இது. இதைத் தாண்டிப் போனால் மற்றது எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்.

டாக்டர் தனக்குச் சம்பளம் எழுத மாட்டார். மிச்சம் இருப்பதுதான் அவருக்கு. கட்டடம் அப்பா கட்டியது, வாடகை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவத்துக்கு எழுந்து வருகிறவர் மனைவி, அவருக்கும் சம்பளம் இல்லை. கல்லாவில் உட்காருவது மாமனார். ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது வீட்டு கார் டிரைவர். இவை ஒன்றும் செலவாகத் தெரியாது, அதனால் ஆஸ்பத்திரி நன்றாக ஓடுவதாகத் தெரியும். அந்த டாக்டருக்கு முழங்கால் போய், அந்த இடத்துக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தால் தெரியும், ஓடியது ஆஸ்பத்திரியா ஆளா என்று.

எனவே ஒவ்வொரு சம்பளம் இல்லாத ஆளுக்கும், அதே வேலைக்குப் பாளையங்கோட்டையில் என்ன கொடுக்கிறார்களோ அதை எழுதுங்கள். கட்டடத்துக்கு அந்தத் தெரு வாடகையை எழுதுங்கள். இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: கையை விட்டுப் போன பணம், போயிருக்க வேண்டிய பணம். இரண்டையும் எந்த இடத்திலும் கலக்காதீர்கள். டாக்டரிடம் காட்டும்போது முதல் பட்டியலைத்தான் முதலில் காட்ட வேண்டும். நான் மாற்றிக் காட்டி ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அமெரிக்க ஆய்வுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். அங்கே மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு காப்பீட்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வருடா வருடம் செலவறிக்கை தர வேண்டும், அந்தத் தரவு எல்லோருக்கும் கிடைக்கும். வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷெப்ஸ் மையம் மூடிய ஊர்ப்புற ஆஸ்பத்திரிகளை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தத் தரவில் இருந்து போடும் விகிதங்களில் ஒன்று, கையில் உள்ள ரொக்கம் எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும் என்பது. நல்ல விகிதம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கு என்றால் எந்த ரொக்கத்தை எடுத்து எண்ணுவீர்கள்? மகள் கல்யாணத்துக்கு எடுத்த பணமும் அதே பாஸ்புக்கில்தான் இருக்கும்.

5. காப்பீட்டுப் பணத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீடு நின்று 2012-ல் இந்தப் பெயரில் புதிதாக வந்தது, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்தது. அதனால் பத்து வருடக் கணக்கைப் பார்க்கும்போது ஒரே திட்டம் என்று நினைத்துக் கோடு போடாதீர்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று வைத்திருக்கும் பாக்கேஜ் தொகைகளும் நடுவில் மாறியிருக்கின்றன.

ஒவ்வொரு கிளெய்முக்கும் ஐந்து தேதி, மூன்று தொகை எழுதுங்கள். அட்மிஷன், முன் அனுமதி, டிஸ்சார்ஜ், கிளெய்ம் அனுப்பியது, பணம் வந்தது. கேட்டது, ஒப்புக்கொண்டது, வந்தது. ஒரு வருட கிளெய்மை இப்படி எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. அலுப்பான வேலை, ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போட ஏன் நகை அடகுக்குப் போகிறது என்பதற்கு விடை அந்தத் தேதி இடைவெளியில்தான் இருக்கிறது.

இதிலும் ஒரு பொறி. காப்பீட்டுத் தரப்பு ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பும்போது 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். வங்கியில் 90 ரூபாய் வந்தால் வரவு 100 ரூபாய். வங்கி வரவை மட்டும் கூட்டினால் வருமானத்தைக் குறைத்து எழுதுவீர்கள், அதையே கிளெய்மில் ‘வெட்டிவிட்டார்கள்’ என்றும் எழுதுவீர்கள். டாக்டரின் படிவம் 26ஏஎஸ் ஒரு பிரதி கேளுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் இருக்கும்.

6. பன்னிரண்டு மாதமும் வேண்டும்

மூன்று மாதக் கணக்கை எடுத்து நான்கால் பெருக்கும் வேலை நம் ஊரில் செல்லாது. பிசான நெல் அறுவடையாகும் மாசி, பங்குனியில் தள்ளிப்போட்ட ஹெர்னியா, கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் வரும். ஜூனில் பள்ளிக்கூடப் பீஸ், கட்டில் காலி. ஊரில் கோயில் கொடை என்றால் கால்நாட்டியதில் இருந்து யாரும் அட்மிட் ஆக மாட்டார்கள், கொடை முடிந்த மறுநாள் ஓ.பி.யில் இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காய்ச்சல்.

கடன் நோட்டிலும் இதே பருவம்தான். “பிசானம் அறுத்ததும் தாரேன்” என்று ஒரு பக்கம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் என்றால் “சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும்” என்று இன்னொரு பக்கம். எத்தனை மாதத்தில் வந்தது, எது வரவே இல்லை என்று பிரித்து எழுதுங்கள். வராததை ‘தள்ளுபடி’ என்று டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள். நோட்டில் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான்.

கொரோனா வருடமான 2020-21-ஐ அடிப்படை வருடமாக எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் பாதித்த ஊர் என்றால் அந்த மாதத்தையும் அடுத்த இரண்டு மாதத்தையும் தனியாகக் குறித்துவையுங்கள்.

7. கட்டில் நாளைச் சரியாக எண்ணுங்கள்

நிரம்பிய சதவீதம் என்பது மொத்த நோயாளி நாட்களை, கட்டில் எண்ணிக்கையையும் 365-ஐயும் பெருக்கி வந்ததால் வகுப்பது. சூத்திரம் எளிது. கட்டிலில் கிடப்பவர் எல்லாம் ஐ.பி. இல்லை என்பதில்தான் சிக்கல். காலையில் காய்ச்சலோடு வந்து ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றி மத்தியானம் வீட்டுக்குப் போகிறவரும் கட்டிலில்தான் படுத்திருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். நான் பகலில் போய் எண்ணி 90 சதவீதம் என்று எழுதியிருந்தேன். ராத்திரி நர்ஸம்மாவின் நோட்டைப் பார்த்து எண்ணினால் 60-ஐத் தாண்டவில்லை.

கட்டில் எண்ணிக்கையையும் வாய்வார்த்தையில் நம்பாதீர்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டறிக்கை தர வேண்டும். படிவம் நான்கு. அதில் கட்டில் எண்ணிக்கையும் கழிவின் அளவும் இருக்கும். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையின் எடை மாதா மாதம் ஏறி இறங்குவது ஐ.பி. ஏறி இறங்குவதோடு பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு ரிஜிஸ்டர் தப்பு.

8. தகவல் உரிமை மனு போடும் முறை

தனியார் ஆஸ்பத்திரியிடம் போட முடியாது. ஆனால் அவர்கள் அரசிடம் கொடுத்த ஆவணத்தை அரசு அலுவலகத்திடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் உங்கள் படிப்பு முடிந்துவிடும், எனவே அந்த வழியை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள்.

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், இன்ன வருடத்து இன்ன ஆவணத்தின் நகல் என்று கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால், பெயர் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் தாருங்கள் என்று மறுபடி போடுங்கள். எனக்கு இரண்டு முறை அப்படிக் கிடைத்தது.

9. சமநிலைக் கணக்கு போடுவது

எத்தனை நாள் கட்டில் நிரம்பினால் வரவும் செலவும் சரிக்குச் சரி ஆகும் என்று பார்ப்பதுதான் சமநிலைக் கணக்கு. கீழே உள்ளவை முழுக்க நான் சும்மா போட்டுக் காட்டும் எண்கள். இருபது கட்டில், மாதம் 600 கட்டில் நாள். சம்பளம், மின்சாரம், பராமரிப்பு, வட்டி என்று கையை விட்டுப் போகும் நிலையான செலவு 5,00,000. ஒரு நோயாளி நாளுக்கு வரவு 2,000, அதற்கான மருந்து, பஞ்சு, துணி வெளுப்புச் செலவு 750, மிச்சம் 1,250. ஐந்து லட்சத்தை 1,250-ஆல் வகுத்தால் 400 நாள். மூன்றில் இரண்டு பங்கு கட்டில் நிரம்பினால் போதும் போலத் தெரியும்.

இப்போது இரண்டு டாக்டருக்கும் சேர்த்துச் சம்பளம் 3,00,000, கட்டட வாடகை 50,000 ஏற்றுங்கள். 8,50,000. தேவை 680 நாள். இருப்பதே 600. எல்லாக் கட்டிலும் வருடம் முழுக்க நிரம்பினாலும் தேறாது!

பிறகு எப்படி நடக்கிறது? ஓ.பி.யில் மாதம் 1,56,000-மும் மருந்துக்கடையில் 1,20,000-மும் மிஞ்சுகிறது என்று வையுங்கள். இரண்டையும் கழித்தால் 5,74,000, தேவை சுமார் 460 நாள், 77 சதவீதம். மருந்துக்கடையை மட்டும் எடுத்துவிட்டால் மறுபடி 555 நாள், 92 சதவீதத்துக்கு மேல். தம்பியோடு பாகப்பிரிவினை நடந்து மருந்துக்கடை கைமாறினால் ஆஸ்பத்திரி என்ன ஆகும் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். உங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த மூன்று கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள்.

‘அரவிந்தில் கட்டுப்படியாகிறதே’ என்று வைவாவில் ஒருவராவது கேட்பார். திருநெல்வேலியில் 1988 முதல் இருக்கும் கண் ஆஸ்பத்திரி அது. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்து, ஒரே மாதிரி வேலையை ஒரே நாளில் நிறையச் செய்யலாம். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் நாள் குறிக்க முடியாது. காத்திருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் உண்டு.

10. மூடிய ஆஸ்பத்திரிக்கும் போங்கள்

ஓடுகிறதை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் எல்லாம் ஓடும் என்றுதான் முடியும். உங்கள் வட்டாரத்தில் பதினைந்து வருடத்துக்குள் மூடியது எது என்று பழைய மருந்து ரெப் ஒருவரைக் கேளுங்கள், விரல் விட்டுச் சொல்வார். நான் பார்த்தவற்றில் ஒன்று ஜவுளிக் கடை, ஒன்று கல்யாண மகால், ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நஷ்டத்தால் மூடினோம் என்று ஒரே ஒருவர்தான் சொன்னார். மற்ற இரண்டிலும் பிள்ளைகள் டாக்டர்தான், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், திரும்பி வரவில்லை. நான்காம் படியில் சொன்ன சம்பளம் இல்லாத ஆள் இல்லாமல் போனதும் கதை முடிந்துவிட்டது. இதற்கு அரை நாள் போதும். டீ வாங்கிக் கொடுங்கள், பழைய போர்டைப் போட்டோ எடுக்காதீர்கள்.

11. எனக்கு ஆன செலவும் நாளும்

பஸ், ஷேர் ஆட்டோ 9,200. ஜெராக்ஸ், ஸ்கேன் 3,100. தகவல் உரிமை மனுக்கள், நகலோடு 640. தரவு ஏற்ற ஒரு தம்பிக்கு இரண்டு மாதம் 8,000. கம்பெனியாகப் பதிவான ஆஸ்பத்திரி ஒன்றின் ஆவணங்களைக் கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் பார்க்க 100. ஆடிட்டர் ஒருவர் சும்மாவே விளக்கினார், அவருக்கு அல்வா.

போக நல்ல காலம் பொங்கல் கழித்து பிப்ரவரி முடிவு வரை. மார்ச்சில் கணக்கு முடிப்பு, ஜூலையில் இருந்து அக்டோபர் வரை ஆடிட்டர் ஆபீஸில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் திங்கள்கிழமை போகாதீர்கள். மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் கேஷியருக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும்.

12. எழுதும்போது

பெயரை மறைத்தால் மறைந்துவிடாது. ‘அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கம், 22 கட்டில், தம்பதி டாக்டர்கள்’ என்று எழுதினால் கல்லிடைக்குறிச்சியில் டீக்கடைக்காரர் கூட யார் என்று சொல்லிவிடுவார். வட்டாரத்தை எடுத்துவிடுங்கள், கட்டிலை ‘15 முதல் 30 வரை’ என்று போடுங்கள், தொகைகளைக் கட்டில் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். கடன் நோட்டுப் பக்கத்தைப் பின்னிணைப்பில் போடவே கூடாது.

வாங்கிய ரிஜிஸ்டரை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள், மூன்று சமநிலைக் கணக்கும் அதில் இருக்கட்டும். கேஷியருக்கும் ஒரு பிரதி. எங்கள் அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிளெய்ம் பட்டியலில் நான் மாற்றி எழுதியிருந்த இரண்டு தேதியை அங்கேயே நின்று திருத்திக் கொடுத்தார்.